உப்பளத்துக் காலைப் பார்க்கத் தெரிய வேண்டும்

உப்பளத்தில் வேலை செய்கிறவரின் பாதம் வெடித்து, தடித்து, விரலிடுக்கு வெளுத்துக் கிடக்கும். விடிந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்றால் எந்தக் காலும் அப்படித்தான் ஆகும். தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டிலும் வேப்பலோடையிலும் இது யாருக்கும் புதிதில்லை. அந்தக் காலோடு சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டால்தான் ஆபத்து. உணர்ச்சி மெல்ல மரத்துப்போகும். உப்புக்கல் கீறியது தெரியாது. உப்புத் தண்ணீர் பட்டால் எரிய வேண்டிய புண் எரியாது. வலிக்கவில்லையே என்று மறுநாளும் பாத்தியில் இறங்குவார்.

தமிழகத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு சொன்னது. இத்தனை பேரையும் டாக்டர்களே பார்த்துவிட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சுயஉதவிக் குழுப் பெண்களை வீடுதேடி அனுப்புகிறது. சர்க்கரையும் பிரஷரும் வாசலிலேயே பார்க்கிறார்கள், மாத்திரையும் கைக்கு வருகிறது. 2024-இல் ஐ.நா. விருது பெற்ற திட்டம். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் மாத்திரை கொடுப்பது வேறு, காலைப் பார்க்கத் தெரிவது வேறு. பாதத்தின் உணர்ச்சியைச் சோதிக்க ஒரு நைலான் இழை போதும். 10 கிராம் அழுத்தத்தில் வளைந்துவிடும். முதலில் கையில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் தொட்டு, “எந்த இடத்துல தொட்டேன், அண்ணாச்சி?” என்று கேட்க வேண்டும். “தெரியுதா?” என்று கேட்டால், தெரியாதவரும் தெரியுது என்று சொல்லிவிடுவார். காய்த்துப்போன தோலின்மேல் இழையை வைத்தால் சோதனையே வீண். உப்பளத்துக் காலில் காய்க்காத இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கே தனிப் பழக்கம் வேண்டும்.

இன்சுலினும் அப்படித்தான். மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடுவரை இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். முத்துக்குளித்துறையில் அதிகாலையில் படகேறுகிறவருக்கு இப்படி அளவு கூடிப்போய் நடுக்கடலில் ‘லோ சுகர்’ ஆனால் ஓடிவர யார் இருக்கிறார்கள்? மடியில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும் என்று கரையிலேயே சொல்லியனுப்ப வேண்டியவர் நர்சுதான்.

நர்சுகளுக்குப் பயிற்சி என்றால் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு முடியக் கூடாது. இழையைத் தானே பிடித்து, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, பத்துப் பேரின் காலையாவது சோதித்துக் காட்டிய பிறகே தேர்ச்சி என்று வைக்க வேண்டும். இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து அளவு எடுக்கச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கொருமுறை மறுபடியும் தேர்வு. அதற்கான நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது.

தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தேர்வு வைக்க ஆள் உண்டு. அதை வகுப்பறையில் வைக்க வேண்டாம். வேலை முடிந்து தொழிலாளர்கள் கால் கழுவ உட்காரும் நேரத்தில், உப்பளக் கரையிலேயே வைக்கலாம்.