வட்டத்துக்குள் எங்கள் நாள்



கூட்டங்களுக்குப் போய்ப் பழகிய எங்களுக்கு வரைபடம் புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009க்குப் பிறகும் ஊருக்கு வந்த நிறுவனங்கள் பாய் விரித்து, பெரிய வெள்ளைத் தாளையும் மார்க்கர் பேனையையும் தந்து, "உங்கட ஊரைக் கீறுங்கோ" என்றன. கிணறு, கோயில், சங்கக்கடை, வாசிகசாலை எல்லாம் கீறினோம். பிறகு வேறொரு நிறுவனம் வந்தது. அதே கிணற்றைத் திரும்பவும் கீறினோம். தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் கிணறு இன்று எத்தனை அலுவலகங்களின் அலுமாரிகளில் கிடக்கிறதோ!

இந்த மாதம் நான் சொல்ல வந்தது வேறு வகை. யாருக்கும் கொடுக்காமல், நாங்களே பார்த்துச் சிரிப்பதற்காகக் கீறும் வரைபடம்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ஜெசிக்கா ஹேகி என்ற பெண் 2006இல், குறிப்பெழுதும் சிறிய அட்டைகளில் இப்படிக் கீறத் தொடங்கினார். இரண்டு வட்டங்கள், அல்லது நெட்டாக ஒரு கோடும் கிடையாக ஒரு கோடும், கூடவே நாலைந்து சொற்கள். அவ்வளவுதான். 2008இல் அது புத்தகமாகவே வந்துவிட்டது. அதே நாட்டில் ரண்டல் மன்றோ என்பவர் 2005 முதல் குச்சி மனிதர்களை வைத்துக் கேலிப்படம் போடுகிறார். 2009இல் அவர் சினிமாப் படங்களையே வரைபடமாக்கினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கோடு. யார் எந்த நேரத்தில் யாரோடு நிற்கிறார்களோ அந்தக் கோடுகள் அங்கே நெருங்கும், பிரிந்தால் விலகும். பன்னிரண்டு ஆண்கள் ஒரே அறையில் இருந்து வாக்குவாதப்படும் பழைய படம் ஒன்று இருக்கிறது, 1957இல் வந்தது. அதற்கு அவர் போட்டது என்ன தெரியுமா? பக்கத்துப் பக்கமாக நேரே ஓடும் பன்னிரண்டு கோடுகள். ஒருவரும் வெளியே போகவில்லை அல்லவா! எங்கள் இரவு நேரத் தொலைக்காட்சி நாடகத்துக்குக் கீறினால், மாமியாரின் கோடு எல்லோருடைய கோட்டையும் வெட்டிக்கொண்டு போகும் என்று நினைக்கிறேன்.

இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? வரைபடம் என்பது பெரிய மனிதர்களின் உடுப்பு. ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபெயர் 1786இல் சலாகை வரைபைப் போட்டதும், 1801இல் வட்ட வரைபைப் போட்டதும் ஏற்றுமதி இறக்குமதியையும் நாடுகளின் பரப்பையும் காட்டத்தான். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1858இல் போட்ட வரைபடம் இன்னும் பெரிய விசயம்: கிரிமிய யுத்தத்தில் காயத்தால் செத்த சிப்பாய்களை விட, தடுத்திருக்கக்கூடிய நோய்களால் செத்தவர்களே மிக அதிகம் என்று அரசாங்கத்துக்கு அதில் காட்டினார். அப்படிப்பட்ட உடுப்பைத் தேத்தண்ணிக் கோப்பைக்குப் போட்டுவிட்டால் சிரிப்பு வராதா?

சென்ற மாதம் எங்கள் மாதர் சங்கத்தில் செய்து பார்த்தோம். பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் வட்ட வரைபு இருக்கிறதுதானே. ஒரு நாளுக்கு 24 மணித்தியாலம், வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை. ஆறு மணித்தியாலம் நித்திரை என்றால் 90 பாகை, வட்டத்தில் காற்பங்கு. "அப்ப தேத்தண்ணியைச் சூட்டோட இருந்து குடிக்கிற நேரத்துக்கு எவ்வளவு?" என்று ஒரு அக்கா கேட்டார். நாலு நிமிடம் என்று வைத்தால் ஒரே ஒரு பாகை. பென்சில் கோட்டின் தடிப்புக்கே அது சரியாகிவிட்டது.

அதற்குப் பிறகு எவரையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் கிடைக்கோட்டில் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளையும், நெடுங்கோட்டில் பருப்புக்கறியில் தண்ணீரின் அளவையும் போட்டார். கோடு நேரே மேலே போனது. இன்னொருவர் கிழமை நாட்களை எழுதி, ஒழுங்கையில் எத்தனை வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்று சலாகை போட்டார். எல்லாச் சலாகையும் ஒரே உயரம். நுண்கடன்காரர் மோட்டார் சைக்கிளில் வரும் நாளுக்கு மட்டும் சலாகையே இல்லை. அதைப் பார்த்து அதிகம் சிரித்தவர்கள், அந்த நாளில் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்றவர்கள்தான்.

கடைசியாக, அதுவரை ஒன்றும் கதைக்காமல் இருந்த ஒரு தங்கச்சி தாளை வாங்கினார். ஒன்றோடொன்று சேரும் இரண்டு வட்டங்கள், புத்தகத்தில் வென் வரிப்படம் என்று இருக்குமே, அது. ஒன்றில் "மனைவி" என்றும் மற்றதில் "விதவை" என்றும் எழுதினார். நடுவில், இரண்டும் சேரும் இடத்தில், ஒரு புள்ளடி போட்டார்.

"எந்தப் படிவத்திலயும் எனக்கு ஒரு கூடு இல்லை அக்கா. இண்டைக்குத்தான் எனக்கெண்டு ஒரு இடம் கிடைச்சிருக்கு" என்றார்.

அவருடைய வீட்டுக்காரரை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. முதலில் சிரித்தோம், பிறகு அடங்கிப் போனோம். அவர்தான் திரும்பவும் சிரித்தார்.

எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்று இருப்பதால் இதை இங்கே எழுதுகிறேன். காணாமற்போனவரின் குடும்பத்துக்கு, இறப்புச் சான்றிதழ் அல்லாமல், ஆளைக் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் வந்தது. அதை வைத்து நலன்புரி உதவிக்கு விண்ணப்பிக்கலாம், அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். அதை எடுப்பதால் அவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகாது. அந்தத் தங்கச்சி அதை இன்னும் எடுக்கவில்லை. எடுக்கும்படி நான் வற்புறுத்தவும் இல்லை. எங்கே கேட்க வேண்டும் என்று கேட்டால் கூடப் போவேன்.

மற்றவர்களின் தாள்களைச் சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பருப்புக்கறி நடுவில் இருக்கிறது. அவர் மட்டும் தன்னுடையதைத் தரவில்லை. நாலாக மடித்து, அடையாள அட்டை வைக்கும் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

உங்கள் வட்டங்களையும் கீறி அனுப்புங்கள். கவராயம் இல்லாவிட்டால் போத்தல் மூடி போதும்.