தடித்த நூலா? தகுந்த நூலா?

தொழில் கற்பிக்கும் நூலைத் தேர்ந்தெடுப்பதும் கதை நூலைத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. கதை சுவைக்கவில்லையென்றால் மூடி வைத்துவிடலாம். நட்டம் அதன் விலையோடு போயிற்று. தொழில் நூல் பொருந்தாமற் போனாலோ, விலையோடு மாதங்களும் போகின்றன. அதற்கும் மேலாக, படிக்கும் பிள்ளை "இது என் அறிவுக்கு எட்டாது" என்று மனம் தளர்ந்துவிடுகிறான். குறை நூலின் தேர்வில் இருக்க, பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான்.

கணினித் துறையில் இந்த ஆபத்து மிகுதி. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் மென்பொருள் அலுவலகங்களில் பணியாற்றுகின்றனர். புதிதாகச் சேர்ந்தவரிடம் பழைய மென்பொருள் ஒன்றைக் கொடுத்து, "இனி இதை நீங்கள்தாம் கவனித்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லிவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்படி ஒப்படைக்கப்படும் பொறுப்புகளுள் ஒன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் விண்டோஸ் கம்யூனிகேஷன் ஃபவுண்டேஷன். சுருக்கமாக டபிள்யூ.சி.எஃப். என்பர். இதைக் கற்பிக்கும் நூல்களை எவ்வாறு எடைபோடுவது என்பதையே இம்மாதம் ஆராய்வோம். இங்குக் கூறப்படும் முறை பிற தொழில்நுட்ப நூல்களுக்கும் பெரிதும் பொருந்தும்.

பொருளை முதலில் அறிவோம்

ஒரு கணினியில் ஓடும் நிரல், மற்றொரு கணினியில் ஓடும் நிரலோடு பேச வேண்டியிருக்கிறது. கடையின் விற்பனை நிரல், கிடங்கின் இருப்பு நிரலிடம் "இச்சரக்கு எத்தனை உள்ளது?" என்று கேட்கிறது. இந்த உரையாடலுக்கு மைக்ரோசாஃப்ட் உலகில் ஒரு காலத்தில் பல தனித்தனி வழிகள் இருந்தன. இணையச் சேவைக்கு ஒன்று, ரிமோட்டிங் என்று ஒன்று, செய்திகளை வரிசையில் இட்டு வைத்து அனுப்புவதற்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனியே கற்க வேண்டும். 2006 நவம்பரில் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 3.0 உடன் வெளிவந்த டபிள்யூ.சி.எஃப்., இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. ஆக்கத்தில் இருந்தபோது அதற்கு இண்டிகோ என்று பெயர்.

அதன் அடிப்படை மூன்று. சேவை எங்கே இருக்கிறது என்பது முகவரி. எந்த வழியில், எந்தப் பாதுகாப்போடு செய்தி செல்லும் என்பது பைண்டிங் எனப்படும் இணைப்பு முறை. என்னென்ன கேட்கலாம், என்ன விடை வரும் என்பது ஒப்பந்தம். கடிதத்துக்கு விலாசம் உண்டு. அதைச் சாதாரண அஞ்சலில் அனுப்புவதா, பதிவு அஞ்சலில் அனுப்புவதா என்ற தெரிவு உண்டு. எழுதியதை இருவரும் ஒரே பொருளில் புரிந்துகொள்ள ஒரு மொழியும் உண்டு. அதுபோன்றதே இது.

இம்மூன்றையும் அரை நாளில் விளக்கிவிடலாம். பல நூல்கள் முதல் இயலிலேயே விளக்கியும்விடுகின்றன. ஆகவே முதல் இயலைப் படித்துப் பார்த்து நூலை வாங்குவது, வாசற்கதவைப் பார்த்து வீட்டை வாங்குவதற்கு ஒப்பாகும்.

எந்த நூல் யாருக்கு?

இத்துறையில் 2007ஆம் ஆண்டையொட்டி நூல்கள் வரிசையாக வெளிவந்தன. அவற்றை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் தேர்வு எளிதாகும்.

முதல் வகை, கைப்பிடித்து நடத்திச் செல்பவை. மிஷேல் லெரூ புஸ்டமாண்டே அவர்களின் 'லேர்னிங் டபிள்யூ.சி.எஃப்.', ஜான் ஷார்ப் அவர்களின் 'ஸ்டெப் பை ஸ்டெப்' வரிசை நூல் ஆகியவை இவ்வகையின. ஒவ்வோர் இயலிலும் பயிற்சி உண்டு. கணினி முன் அமர்ந்து செய்துகொண்டே படிக்க வேண்டும். புதியவர்க்கு இவையே உகந்தவை. ஆனால் பயிற்சியில் இல்லாத சிக்கலொன்று அலுவலகத்தில் எழும்போது, "ஏன் இப்படி?" என்ற வினாவுக்கு இவற்றில் விடை கிட்டாமற் போகலாம்.

இரண்டாம் வகை, முறையையும் கொள்கையையும் கற்பிப்பவை. யுவால் லோவி அவர்களின் 'ப்ரோகிராமிங் டபிள்யூ.சி.எஃப். சர்வீசஸ்' இவ்வகையில் புகழ் பெற்றது. 2007இல் முதற்பதிப்பு கண்டு, 2015இல் மைக்கேல் மாண்ட்கோமரியோடு இணைந்து எழுதிய நான்காம் பதிப்பு வரை வளர்ந்தது. ஆழ்ந்த நூல். ஆசிரியர் தம் கருத்தை உறுதியாக எடுத்துரைப்பவர். இன்னது செய்க, இன்னது தவிர்க்க என்று காரணத்தோடு கூறுவார். எனினும் ஓர் எச்சரிக்கை. அவர் தாமே எழுதிய சர்வீஸ்மாடல்எக்ஸ் என்னும் துணைத் தொகுப்பை நூல் நெடுகிலும் பயன்படுத்துகிறார். அது பயனுள்ளதே. ஆயினும், எது மைக்ரோசாஃப்ட் தந்தது, எது ஆசிரியர் சேர்த்தது என்று பிரித்தறியும் பக்குவம் புதியவரிடம் இராது. அலுவலகத்தில் அத்தொகுப்பு இல்லாதபோது அவர் திகைத்து நிற்பார். ஆகவே இது இரண்டாவது நூலாக அமைவதே நன்று.

மூன்றாம் வகை, இயந்திரத்தின் மூடியைத் திறந்து உட்புறத்தைக் காட்டுபவை. ஜஸ்டின் ஸ்மித் அவர்களின் 'இன்சைட் விண்டோஸ் கம்யூனிகேஷன் ஃபவுண்டேஷன்' இத்தகையது. செய்தி எவ்வாறு உருவாகிறது, வாய்க்கால் போன்ற அடுக்குகள் வழியே எவ்வாறு செல்கிறது என்பதை விரிப்பது. நாள்தோறும் தேவைப்படாது, தேவைப்படும் நாளில் வேறு எதுவும் உதவாது.

இதனால் ஓர் உண்மை விளங்கும். "மிகக் கடினம்" என்று ஒருவர் குறை கூறிய நூலும், "மிக ஆழம்" என்று மற்றொருவர் புகழ்ந்த நூலும் ஒரே நூலாக இருக்கக்கூடும். மதிப்புரையைப் படிக்கும்போது, எழுதியவர் எந்தப் படியில் நின்று எழுதுகிறார் என்பதை முதலில் பாருங்கள். நண்பர் பரிந்துரைக்கும்போதும் அவ்வாறே. பத்தாண்டு அனுபவமுள்ள காக்கா தம் மேசையில் வைத்திருக்கும் நூல், நேற்றுச் சேர்ந்த தம்பிக்கு ஏற்றதென்று சொல்ல முடியாது.

ஐந்து இடங்களைத் திறந்து பாருங்கள்

பொற்கொல்லர் நகை முழுவதையும் உருக்கிப் பார்ப்பதில்லை. உரைகல்லில் ஓர் ஓரத்தைத் தேய்த்து மாற்றை அறிகிறார். நூலுக்கும் உரைகற்கள் உண்டு. பின்னிணைப்பிலுள்ள சொல்லடைவைக் கொண்டு இவ்வைந்து இடங்களைத் தேடிப் படித்தால், நூலின் தரம் அரை மணியில் தெரிந்துவிடும்.

ஒன்று: தொடர்பை மூடும் முறை. சி ஷார்ப் மொழியில் 'யூசிங்' என்னும் அமைப்பு, வேலை முடிந்ததும் பொருளைத் தானே மூடிவிடும். பொதுவாக நல்ல பழக்கம். ஆனால் டபிள்யூ.சி.எஃப். தொடர்பு ஏற்கனவே பழுதுபட்டிருந்தால், மூடும் முயற்சியே புதிய பிழையை எழுப்பி, முதலில் நேர்ந்த உண்மையான பிழையை மறைத்துவிடும். ஆகவே முறையாக மூட முயன்று, இயலாதபோது 'அபார்ட்' கட்டளையால் துண்டிக்க வேண்டும். இதை எச்சரிக்காமல் எல்லா எடுத்துக்காட்டிலும் 'யூசிங்' எழுதியிருக்கும் நூலின் ஆசிரியர், இக்கருவியை உண்மையான பணியில் கையாண்டவர்தாமா என்ற ஐயம் நியாயமானதே.

இரண்டு: செய்தியின் அளவு. நாமாக மாற்றாதவரை, பெறப்படும் செய்தி 65,536 பைட்டுகளுக்கு மேல் போகக்கூடாது என்பது இயல்பான வரம்பு. வணக்கம் கூறி வணக்கம் பெறும் எடுத்துக்காட்டு இதற்குள் அடங்கும். ஓராண்டு விற்பனைக் கணக்கு அடங்காது. வரம்பைச் சொல்வதோடு, அது ஏன் வைக்கப்பட்டது, மட்டின்றி உயர்த்தினால் பெருஞ்செய்திகளால் சேவையை முடக்க நினைப்போருக்கு எவ்வாறு வழி திறக்கும் என்பதையும் நல்ல நூல் கூறும்.

மூன்று: சேவைப் பொருளின் ஆயுள். ஒவ்வோர் அழைப்புக்கும் புதிய பொருளா, ஒரு வாடிக்கையாளரின் அமர்வு முழுமைக்கும் ஒன்றா, அனைவர்க்கும் சேர்த்து ஒன்றே ஒன்றா? இம்மூன்றையும் பட்டியலிடுவது எளிது. எந்தச் சூழலில் எதைக் கொள்வது, தவறாகக் கொண்டால் என்ன கேடு விளையும் என்று விளக்குவதே ஆசிரியப் பணி.

நான்கு: பாதுகாப்பு. அடிப்படை இணைய இணைப்பு முறையில் இயல்பாக எந்தப் பாதுகாப்பும் இராது. வேறு சில முறைகள் விண்டோஸ் அடையாளத்தை எதிர்பார்க்கும். அதனால் ஒரே அலுவலக வலையமைப்புக்குள் ஓடிய நிரல், வெளியே சென்றதும் ஓட மறுக்கிறது. "இப்போதைக்குப் பாதுகாப்பை நிறுத்திவிடுங்கள்" என்று கூறிக் கடந்து செல்லும் நூல், படிப்பவரைப் பெரும் பழிக்கு ஆளாக்கிவிடும்.

ஐந்து: பிழையைத் தெரிவிக்கும் முறை. சேவையில் நேர்ந்த பிழையின் முழு விவரத்தையும் வாடிக்கையாளருக்குக் காட்டும் வசதி ஒன்று உண்டு. சோதனைக் காலத்தில் அது உதவும். நடைமுறையில் திறந்து வைத்தால், நிரலின் உள்விவரங்கள் அயலாருக்குத் தெரிந்துவிடும். இவ்விரண்டு வரி எச்சரிக்கை நூலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதிப்பாண்டை மறவாதீர்

நல்ல நூலும் காலம் கடந்தால் தவறான நூலாகிவிடுவதுண்டு. ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். தொடக்கப் பதிப்புகளில், ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படும் அமர்வுகளின் இயல்பான எண்ணிக்கை 10. 2010இல் வந்த டாட் நெட் 4 இதனை மாற்றி, ஒவ்வொரு செயலிக்கும் 100 என்று ஆக்கியது. 2007ஆம் ஆண்டு நூலை மட்டும் படித்தவர், தேவையில்லாத இடத்தில் இந்த எண்ணைத் தேடி அலைவார். அதே டாட் நெட் 4, அமைப்புக் கோப்பில் எழுத வேண்டியவற்றையும் வெகுவாகக் குறைத்தது. பழைய நூலோ பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும்.

ஆகையால் அலுவலகத்தில் ஓடும் பதிப்பு எது என்று கேட்டறிந்த பின்னரே கடைக்குச் செல்லுங்கள். பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால், அட்டையைத் திருப்புமுன் பதிப்பாண்டைப் பாருங்கள். கொள்கையை விளக்கும் இயல்கள் நெடுங்காலம் நிற்கும். எண்களையும் திரைப்படங்களையும் காட்டும் இயல்கள் விரைவில் பழுக்கும்.

இன்று வாங்கலாமா?

இதற்கு ஒளிவுமறைவின்றி விடை கூறுவதே முறை. சேவையை வழங்கும் பகுதி புதிய டாட் நெட் வரிசைக்குக் கொண்டுவரப்படமாட்டாது என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் அறிவித்தது. அதன் பின் கோர் டபிள்யூ.சி.எஃப். என்னும் திறந்த மூலத் திட்டம் தொடங்கி, 2022இல் 1.0 பதிப்பு வெளிவந்தது. பழைய டாட் நெட் ஃபிரேம்வொர்க்கில் டபிள்யூ.சி.எஃப். இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது வளரும் மரமன்று; நிழல் தந்துகொண்டிருக்கும் முதிர்ந்த மரம்.

ஆகவே, அலுவலகப் பணி இதைக் கேட்டால் தயங்காமல் ஒரு நூலை வாங்கிக் கற்கலாம். பழைய மென்பொருளைக் காப்பவர்க்கும், அதைப் புதிய முறைக்கு மாற்றுபவர்க்கும் இந்த அறிவு தேவை. பணி கேட்காமல், புதிதாகத் துறையில் நுழையும் மாணவர் இதில் ஆறு மாதம் செலவிடுவது தக்கதன்று. அவர் கூகுள் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. போன்றவற்றை நாடலாம். கசுன் இந்திரசிறி, தனேஷ் குருப்பு ஆகியோர் 2020இல் எழுதிய 'ஜி.ஆர்.பி.சி.: அப் அண்ட் ரன்னிங்' நூல் இதைக் கற்பிக்கிறது. அதன் எடுத்துக்காட்டுகள் கோ, ஜாவா மொழிகளில் அமைந்தவை. சி ஷார்ப் மட்டுமே அறிந்தவர் இதை மனத்திற்கொண்டு வாங்க வேண்டும். மேற்கூறிய உரைகற்கள் அங்கும் பயன்படும். எந்த முறையாயினும், தொடர்பு அறுந்தால் என்ன செய்வது, செய்தி பெருத்தால் என்ன செய்வது, பேசுபவர் யாரென எவ்வாறு அறிவது என்னும் வினாக்கள் மாறுவதில்லை.

பெற்றோர் கவனத்திற்கு

மகனோ மகளோ ஆயிரம் பக்க நூலுக்குப் பணம் கேட்கும்போது, வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் அதன் உட்பொருள் விளங்க வேண்டுமென்பதில்லை. மூன்று கேள்விகள் கேட்டால் போதும். "உன் வேலைக்கு எந்தப் பதிப்பு வேண்டும்? இந்நூல் தொடங்குபவர்க்கா, தேர்ந்தவர்க்கா? முன்பு வாங்கிய நூலில் எத்தனை பயிற்சிகளைச் செய்து முடித்தாய்?" முதலிரண்டு கேள்விகளுக்குத் தெளிவான விடை வந்தால் பிள்ளை ஆராய்ந்திருக்கிறான் என்று பொருள். மூன்றாவதற்கு விடை தடுமாறினால், புதிய நூலைச் சற்றுத் தள்ளிவைத்துப் பழைய நூலை எடுக்கச் சொல்லலாம்.

அலமாரியை நிறைக்கும் ஐந்து நூல்களைவிட, ஓரங்கள் மடிந்து, பென்சில் குறிப்புகள் நிறைந்து, செய்துபார்த்த பயிற்சிகளின் அடையாளம் பதிந்த ஒரு நூல் பிள்ளையின் கையில் தொழிலாக மாறும். அத்தகைய ஒரு நூலைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் கடையில் நின்று புரட்டுவதில் கூச்சப்பட வேண்டியதில்லை.