கரையில் நின்று காண்போம்



சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்திற்குச் செல்லும் நம்மவர் பலர். போர்த்துக்கீசியரால் 1515-இல் தொடங்கப்பெற்ற ஆலயம் அது. மார்கழி, தை மாதங்களில் செல்வோர், திருப்பலி முடிந்ததும் ஏரியின் படகுத்துறையில் சற்று நின்று வருதல் நன்று.

இந்தியாவின் உப்பங்கழிகளுள் சில்காவை அடுத்துப் பெரியது இவ்வேரி. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்தபின், வடதிசையின் கடுங்குளிருக்குத் தப்பி ஊசிவால் வாத்துகள் இங்கு வந்திறங்குகின்றன. ஆழமற்ற நீரில் பூநாரைகள் அணிவகுத்து நிற்கின்றன. அவை அலகைத் தலைகீழாய் நீரில் அமிழ்த்தி, சேற்றுநீரை வடிகட்டி, சிற்றுயிர்களை உண்கின்றன. அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவால் வந்ததே. குஞ்சுகளோ சாம்பல் நிறத்தன.

துறையில் நிற்கும் நமக்கு ஓர் ஆசை எழுகிறது. "அருகே போகலாமே! கைதட்டினால் எல்லாம் ஒன்றாய்ப் பறக்குமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென எழும்ப வல்லதன்று. நீரின்மேல் பல அடி ஓடியே வானேறும். அதற்குச் செலவாகும் வலிமை, அது நாளெல்லாம் தலைகுனிந்து தேடிய உணவால் வந்தது. நம் கண்ணுக்கு ஒரு நொடிக் காட்சி. அதற்கோ உழைப்பின் இழப்பு.

அருகே செல்லும் ஆசையால் நமக்கும் இடர் உண்டு. 2011-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று இதே ஏரியில் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அந்தத் துயரை நாம் மறத்தலாகாது.

வலசைப் பறவைகள் தம் காலம் தவறாமையைச் சுட்டிக்காட்டியே எரேமியா இறைவாக்கினர் தம் மக்களைக் கடிந்துகொண்டார். பறவை தன் காலத்தை அறிகிறது. நாமோ நம் எல்லையை அறியாதிருக்கிறோம். நமக்கு இன்பமூட்டுவன யாவும் நம் கைக்கெட்டும் தொலைவில் வந்தாக வேண்டும் என்று எண்ணுகிறோம். வீட்டிலும் அப்படித்தானே? பிள்ளையின் மௌனத்தையும் முதியவரின் ஓய்வையும் கலைத்துவிட்டு, அதை அன்பு என்கிறோம்.

எனவே, இம்முறை துறைக்குச் செல்லும்போது கால்மணி நேரம் பேசாமல் நிற்போம். கல்லெறியவோ கூச்சலிடவோ வேண்டாம். உணவுப் பொட்டலங்களை நீரில் எறியவும் வேண்டாம். எட்ட நின்று, கலைக்காமல் கண்டு மகிழ்வதும் இறைவனின் படைப்புக்கு நாம் செலுத்தும் வணக்கமே அன்றோ!