ஓர் இயந்திரத்தில் ஓடும் தட்டு

1970களில் அமெரிக்காவில் இசைத்தட்டு வாங்கியவர்களுக்குப் புதிய தட்டின் உறையைப் பிரிப்பதே ஓர் அச்சமாக இருந்தது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியால், பெட்ரோலியத்திலிருந்து உருவாகும் வினைல் அரிதாயிற்று. அதற்கு முன்பே, கையில் பிடித்தால் வளையும் அளவுக்கு மெல்லிய தட்டுகளை ஆர்.சி.ஏ. நிறுவனம் விற்கத் தொடங்கியிருந்தது. பழைய தட்டுகளை அரைத்து மீண்டும் வார்க்கும் வழக்கமும் இருந்தது. அவ்வாறு அரைத்தபோது, நடுவில் ஒட்டியிருந்த காகிதத் துணுக்குகளும் சில வேளைகளில் கலந்துவிட்டன. வெயிலில் காய்ந்த அப்பளம் போல் விளிம்பு நெளிந்த தட்டுகளும், தொடக்கம் முதல் இறுதி வரை வெடித்துக்கொண்டே இருக்கும் தட்டுகளும் வீடு வந்து சேர்ந்தன.

இவற்றினும் கொடியது, துளை நடுவில் அமையாத தட்டு. துளை சிறிதளவு விலகினாலும் ஊசி உள்ளும் புறமுமாக ஆடும். நிமிடத்திற்கு 33⅓ முறை சுற்றும் தட்டில், ஒவ்வொரு 1.8 விநாடிக்கும் ஒருமுறை சுருதி ஏறி இறங்கும். சுர ஞானம் உள்ளவர்களுக்கு இது எத்தகைய வேதனை என்பதைக் கூற வேண்டுவதில்லை. கடைக்காரரிடம் கொடுத்து மாற்றி வாங்கினாலும் பயன் உறுதியில்லை. அதே அச்சில் அதே வாரத்தில் வார்த்த தட்டு, அதே குறையோடு வரக்கூடும்.

இவ்வாறு நொந்திருந்த மக்களிடந்தான் ஒளிப்படத் தட்டு வந்தது. 1978 டிசம்பரில் அட்லாண்டா நகரில் லேசர் தட்டு விற்பனைக்கு வந்தது. ஊசி தட்டைத் தொடுவதில்லை, ஒளியே படிக்கிறது, ஆகவே தேய்மானம் இல்லை. எண்ணம் உயர்ந்தது, செய்நேர்த்திதான் உடன் வரவில்லை. கலிபோர்னியாவில் வார்த்த தொடக்ககாலத் தட்டுகளில் பழுதானவை ஏராளம். நன்றாக ஓடியவற்றிலும் சில, ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டன. இரு அக்ரிலிக் பாதிகளைப் பசையால் ஒட்டியே அந்தத் தட்டைச் செய்தனர். உள்ளே காற்றும் ஈரமும் புகுந்தால் அலுமினியப் பூச்சு அரிக்கப்பட்டு, திரையில் புள்ளிகள் மழைபோல் பொழியும். 'லேசர் அழுகல்' என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டனர்.

1981 மார்ச்சில் ஆர்.சி.ஏ. தன் தட்டைக் கொணர்ந்தது. அதில் ஊசி உண்டு. கரி கலந்த வினைலில் முடியினும் நுண்ணிய பள்ளங்கள். கை பட்டால் கெடும் என்பதால் தட்டு ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கும். உறையோடு இயந்திரத்தில் செருகி, வெற்றுறையை மட்டும் வெளியே இழுக்க வேண்டும். தூசியும் ஈரமும் அப்பொழுதும் உள்ளே சென்றன, படம் தாவிற்று. ஜப்பானில் 1983-இல் ஜே.வி.சி. மூன்றாவது வகை ஒன்றை வெளியிட்டது. மூன்றும் வட்டமானவை, ஒன்றின் தட்டு மற்றொன்றின் இயந்திரத்தில் ஓடாது. இதனிடையே ஒளிநாடா, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும் உதவியதால் மக்கள் அதன் பக்கம் சாய்ந்தனர். 1984 ஏப்ரலில் ஆர்.சி.ஏ. இயந்திரத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நட்டம் ஏறத்தாழ 58 கோடி டாலர் என்று கணக்கிட்டனர். அது நிறுவனத்தின் ஏட்டில் ஏறிய நட்டம். ஏறக்குறைய 500 டாலர் கொடுத்து இயந்திரம் வாங்கிய குடும்பங்களின் நட்டம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இதே நிறுவனம் இதற்கு முன்பும் இப்படி ஒரு போரில் இறங்கியதுண்டு. 1948-இல் கொலம்பியா 33⅓ சுற்று நெடுந்தட்டை வெளியிட, மறு ஆண்டே ஆர்.சி.ஏ. பெரிய துளையுடன் 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. அன்று வாங்கியவர்கள் தப்பினர்; மூன்று வேகங்களிலும் சுழலும் இயந்திரங்கள் விரைவிலேயே வந்தன. ஒளிப்படத் தட்டுகளில் அதற்கு வழியில்லை. ஒன்று ஒளியால் படிப்பது, மற்றொன்று ஊசியால் படிப்பது; வேகத்தை மாற்றி என்ன பயன்?

டி.வி.டி. பிறந்தபோது பாடம் கற்றிருந்தனர். 1995-இல் எதிரெதிராக நின்ற இரு அணிகளும், கணினி நிறுவனங்களின் வற்புறுத்தலால், ஒரே வகைக்கு இசைந்தன. ஆனால் வேறொரு பூட்டைத் தாங்களே பூட்டினர்: மண்டல எண். அமெரிக்காவுக்கு 1, ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் 2, சிங்கப்பூர் முதலிய தென்கிழக்காசியாவுக்கு 3, இந்தியாவுக்கு 5. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் ஆசையோடு வாங்கி அனுப்பிய தட்டை மயிலாப்பூரில் தந்தையின் இயந்திரம் ஏற்க மறுத்ததற்கு இதுவே காரணம். வார்ப்புப் பிழையையாவது மன்னிக்கலாம். வேண்டுமென்றே வைத்த குறையை என்னென்பது?

நம் இல்லங்களில் பீரோவில் உறங்கும் சஷ்டியப்தபூர்த்தித் தட்டும், ஊர்க்கோவில் கும்பாபிஷேகத் தட்டும் வேறொரு வகையைச் சேர்ந்தவை. அவை ஆலையில் அச்சிட்டவை அல்ல. சாயப் பூச்சின்மேல் லேசரால் எழுதியவை. வெளிச்சமும் வெப்பமும் அந்தச் சாயத்தை மங்கச் செய்யும். குறுந்தகட்டில் எழுத்துள்ள மேற்பக்கத்தின் அடியிலேயே பதிவு இருப்பதால், அங்கே பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதுதல் கூடாது. துடைப்பதாயின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் பதிவின் வழியே நீண்டுவிடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் தட்டு செருகும் இடமே கிடையாது. ஓடும் தட்டுகளை இப்போதே கணினிக்கு மாற்றி, வேறோரிடத்தில் இரண்டாம் படி ஒன்றும் வைத்துக்கொள்வது நலம்.

வீட்டிலேயே ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஒரு சொல். பதிவு முடிந்தபின் தட்டை முறைப்படி நிறைவு செய்யாமல் எடுத்திருந்தால், அது வேறு இயந்திரங்களில் பெரும்பாலும் ஓடாது. பதிவு செய்த அந்த ரெக்கார்டரில் ஓடும். அதிலேயே நிறைவும் செய்துவிடலாம். பரணில் கிடக்கும் அதைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பாருங்கள்.