கோடைப் பயணமும் தூண்டிலும்

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டு மேஜைமீது தேசப்படம் வந்துவிடும். இவ்வாண்டு அப்பாவின் திட்டம், சென்னையிலிருந்து நாகப்பட்டினம், இராமேசுவரம், தூத்துக்குடி வழியாகக் கன்னியாகுமரி வரை காரில் சென்று, ஆங்காங்கே கூடாரமடித்துத் தங்கி மீன் பிடிப்பது. தம்பி அன்றே தூண்டில் வாங்கிவிட்டான். (அரிசி, அடுப்பு, கொசுவலை பற்றிய கவலையெல்லாம் அம்மாவுக்கும் எனக்கும்தான்!)

இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். என் தோழி ஒருத்தியின் தந்தை விசைப்படகில் வேலை செய்பவர். "எங்கப்பா ரெண்டு மாசம் கரையிலே சும்மா உட்கார்ந்திருப்பார். நீங்க பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கப் போறீங்களா?" என்றாள். எனக்குப் பேச்சே எழவில்லை.

மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால், கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. 2017-க்கு முன் இது 45 நாட்களாக இருந்தது. நம் மே மாத விடுமுறை முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறதே, தோழிகளே! கரையிலிருந்து தூண்டில் போடுவதற்கு இத்தடை இல்லை என்கிறார் அப்பா. சரிதான். ஆனால் சினை மீனுக்கு வலையென்றும் தூண்டிலென்றும் வேறுபாடு உண்டா?

ஆகவே கிழக்குக் கரையில் கூடாரம் மட்டும் போதும், தூண்டில் வண்டியிலேயே கிடக்கட்டும் என்பது என் கருத்து. குமரிமுனையைத் தாண்டி ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் சென்றால் குளச்சல். அது மேற்குக் கடல். அங்கே தடை ஜூன் 1-ஆம் தேதிதான் தொடங்குகிறது. மே மாதத்தில் அங்கே படகுகளும் கடலுக்குப் போகும், நாமும் தூண்டில் போடலாம்.

அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் தேசப்படத்தில் குளச்சலைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்கள்.