எட்டுப் பேருக்கு மேலாளராதல்

இலக்கிய நண்பர்கள் கூடுமிடங்களில் அலுவலகத்தைப் பற்றிப் பேசுவது ஏனோ கௌரவக் குறைவாகவே கருதப்பட்டு வருகிறது. புத்தகக் கண்காட்சியில் மேலாண்மை நூல்கள் அடுக்கப்பட்ட கடைகளை முகம் திருப்பிக் கடப்பதில் நமக்கு ஒரு மெல்லிய பெருமிதமும் உண்டு. ஆனால் நம்மில் பலர் பகற்பொழுதில் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ அரசு அலுவலகத்திலோ யாரோ சிலருக்கு மேலதிகாரிகளாக இருந்து சம்பளம் வாங்குகிறவர்கள்தாம். அந்தச் சிலருடைய விடுப்பும் ஊதிய உயர்வும், சில வேளைகளில் உறக்கமும்கூட, நம் கையில் இருக்கின்றன. இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று யாரேனும் கேட்டால் நம்மிடம் விடை இராது. கணக்கை நன்றாக எழுதினோம், ஆகவே கணக்கு எழுதுகிறவர்களுக்கு மேலே உட்கார வைக்கப்பட்டோம். அவ்வளவுதான்.

நாவல் படிக்கிற நமக்கு மனிதர்களைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு பயிற்சி வேண்டுமா என்ற எண்ணம் நமக்குள் இருந்தது. அது எவ்வளவு ஆபத்தானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் எட்டுப் பேருக்கு மேலாளராக நாம் அமர்த்தப்பட்டோம். அவர்களில் ஒருவர் மாதக் கடைசியில் தம் பகுதிக் கணக்கை எப்போதும் இரண்டு நாள் தாமதமாகவே தருவார். நண்பகலில் ஜன்னலோரம் சும்மா அமர்ந்திருப்பார். மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில் பரபரப்பாவார். அவரைக் கண்ட முதல் வாரத்திலேயே நாம் அவரை வாசித்து முடித்துவிட்டோம். வேலையில் ஒட்டாத மனம், எங்கோ இருக்கவேண்டியவர் இங்கே வந்து சிக்கிக்கொண்டார், தமிழ்ச் சிறுகதைகளில் பல்லாண்டுகளாக உலவிவரும் அந்தக் குமாஸ்தாவேதான். அவர்மீது நமக்குப் பரிவுகூட இருந்தது. அந்தப் பரிவுடனேயே ஆண்டு மதிப்பீட்டில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டோம். ஊதிய உயர்வு நின்றது. மூன்று மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார்.

அந்த நாற்காலிக்கு ஒரு பெண் வந்தார். துடிப்பானவர், கனவு காண்பவரல்லர். இரண்டாம் மாதமே அதே இரண்டு நாள் தாமதம். அப்போதுதான், முதன்முறையாக, என்ன காரணம் என்று கேட்டோம்.

"கிடங்குலேர்ந்து ரசீதெல்லாம் நாலு மணிக்கு மேலதான் சார் வருது. அதுவரைக்கும் என்ன பண்றது?"

ரசீதுகளைக் கொண்டுவரும் வண்டி முதலில் வேறு கிளைகளைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் நம் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. போனவர் இதை நமக்கு முன்னிருந்த மேலாளரிடம் இருமுறை சொல்லியிருந்தாராம். மூன்றாம் முறை சொல்ல அவருக்குத் தோன்றாததில் வியப்பொன்றுமில்லை.

அதன் பிறகே, முகம் திருப்பிக் கடந்த அந்த அலமாரிகளிடம் போனோம். அங்கிருப்பவற்றில் பெரும்பகுதி குப்பை என்ற நம் பழைய கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அத்துறையின் மூலநூல்களில் ஒன்றான, பிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட அறிவியல்முறை மேலாண்மை பற்றிய நூல், இலக்கிய வாசகர் அவசியம் படிக்கவேண்டியது. ஏனெனில் அதன் மையத்தில் ஒரு கதாபாத்திரம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் பெத்லஹேம் உருக்காலையில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ரயில் பெட்டியில் ஏற்றும் தொழிலாளி. டெய்லர் அவருக்கு இட்ட பெயர் ஷ்மிட், உண்மைப் பெயர் ஹென்றி நோல். நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிவந்தவரை நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்ததாகவும், அதற்காகக் கூலியை 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்த்தியதாகவும் டெய்லர் எழுதுகிறார். வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி உயர்ந்ததோ அறுபது விழுக்காடு.

கணக்கைவிட நம்மைத் தடுத்து நிறுத்தியது சித்திரிப்பு. இவ்வேலைக்குத் தக்க மனிதன் மாட்டை ஒத்த மந்தபுத்திக்காரனாக இருக்கவேண்டும் என்கிற டெய்லரே, இந்த ஷ்மிட் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு துண்டு நிலம் வாங்கி, வேலைக்கு வருமுன்பும் வேலை முடிந்த பின்பும் தம் கையாலேயே வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்கிறார். இரண்டும் ஒரே மனிதனில் எப்படிப் பொருந்தும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. தமக்கு வேண்டிய பாத்திரத்தை முன்பே எழுதி வைத்துக்கொண்டவருக்கு, கண்ணெதிரே எழும் சுவர் ஒரு பொருட்டாகப் படவில்லை. (1974இல் ரெகி, பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் ஆவணங்களை ஆராய்ந்து, டெய்லர் சொன்ன கதை நடந்ததோடு பல இடங்களில் ஒத்துவரவில்லை என்று காட்டினார்கள்.) நாமும் ஜன்னலோரம் ஒருவரை அமர்த்தி எழுதியவர்கள்தாம். டெய்லர்மீது கல்லெறிய நமக்கு அதிக உரிமையில்லை.

இதற்கு நேரெதிராகச் சொல்லப்படுவது ஹாதார்ன். சிகாகோவை ஒட்டிய சிசரோவில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைபேசிக் கருவி ஆலை. 1924இல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதில் தொடங்கிய ஆய்வுகள் அவை. கவனிக்கப்படுகிறோம் என்பதாலேயே மனிதர்கள் அதிகம் உழைப்பார்கள் என்று அதிலிருந்து எடுக்கப்பட்ட பாடம் பின்னாளில் பலத்த ஐயத்துக்குள்ளானது. அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதிதான் நமக்கு முக்கியமாகப் படுகிறது. 1928இல் தொடங்கி இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை அங்கே நேர்காணல் செய்தார்கள். முதலில் கையில் ஒரு கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களோ கேட்டதை விட்டு வேறெதையோ பேசினார்கள். ஒரு கட்டத்தில் பட்டியலைக் கீழே வைத்துவிட்டு, பேசுகிறவரே பொருளைத் தேர்ந்துகொள்ளட்டும் என்று முறையையே மாற்றினார்கள். உரையாடல்கள் நீண்டன. கேட்பதும் ஒரு தொழில், அதைப் பழகவேண்டும் என்பதை ஓர் ஆலை கண்டுகொண்ட தருணம் அது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஆலையில் 1936இல் ஆலோசகர்களை நியமித்தார்கள். அவர்களுடைய பணி கேட்பது மட்டுமே, எதையும் மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. மனக்குறையைக் கொட்டினால் மனம் லேசாகும், மனம் லேசானால் வேலை நடக்கும். வண்டி மட்டும் நாலு மணிக்கே வந்துகொண்டிருக்கும்.

நம் ஊரில் இதைத் தொழிலாளர்களே கேட்டுப் பெற முயன்றார்கள். சிகாகோவில் நேர்காணல் தொடங்குவதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1918 ஏப்ரலில், பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். சங்கம் எழக் காரணமான முதற்குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. எவ்வளவு சாதாரணமான விஷயம்! ஆலைக்குள்ளேயே யாரேனும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க முடியும்.

இப்படித் தேடிப்போனதில் நாம் கண்டெடுத்த ஒருவர் மேரி பார்க்கர் பாலெட். பாஸ்டன் நகரத்துச் சமூக மையங்களில் பணியாற்றிவிட்டு, 1920களில் தொழிலதிபர்களுக்கு உரையாற்றியவர். கட்டளை என்பது ஒருவர் இன்னொருவருக்கு இடுவதாக இருக்கக்கூடாது, இருவரும் சேர்ந்து நிலைமையை ஆராய்ந்து, அந்த நிலைமை கேட்பதைச் செய்யவேண்டும் என்பது அவர் வாதம். 1933இல் அவர் மறைந்தபின் நெடுநாள் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. நமக்கோ அவர் பெரிய விடுதலையாக இருந்தார். எதிரிலிருப்பவரின் ஆழ்மனத்தைத் துருவவேண்டியதில்லை. அவருடைய நாற்காலிக்கு எது எப்போது வருகிறது, எங்கே நிற்கிறது என்பதை அவரோடு சேர்ந்து பார்த்தால் போதும். பணியாளர் தம் வீட்டுத் துயரத்தை மேலாளரிடம் சொல்லவேண்டிய அவசியமுமில்லை. அது அவர் உரிமை.

வேலையைத் தட்டிக்கழிப்பவர்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். எட்டுப் பேரில் ஒருவர் அப்படித்தான் இருந்தார். ஆனால் வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகே நமக்கு அவரை அடையாளம் தெரிந்தது. அதுவரை அவர் நம் கண்ணில் மிக நல்ல பணியாளர். காலையில் சிரித்தபடி வணக்கம் சொல்வார்.

நிறுவனமும் நம்மைப் பயிற்சிக்கு அனுப்பாமல் இல்லை. நட்சத்திர விடுதியொன்றில் இரண்டு நாள். மனிதர்களை நான்கு நிறங்களாகப் பிரிக்கக் கற்றுத் தந்தார்கள். நமக்கு நீலம் வந்தது.

கிடங்குப் பொறுப்பாளரிடம் பேசியதும், வண்டியை முதலில் நம் அலுவலகத்துக்கு அனுப்பச் சம்மதித்தார். பேச்சு ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. போனவருடைய மதிப்பீட்டைத் திருத்தவேண்டும் என்று மனிதவளத் துறைக்கு எழுதினோம். பணியில் இல்லாதவரின் கோப்பைத் திறக்க விதியில்லை என்று பதில் வந்தது. அவருக்கும் நடந்ததைச் சொல்லி, தவறு நம்முடையது என்று எழுதினோம். இரண்டு வாரம் கழித்து நாலு வரியில் பதில் போட்டிருந்தார். நலம் விசாரித்துவிட்டு, வண்டி இப்போது எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டிருந்தார்.