மணப்பெண் முகம் சிவந்தது வெட்கத்தால் அல்ல! மானிட்டர் வாங்குகிறவர்களே, உஷார்!

கல்யாண ஆல்பம் வந்தது. பெண் வீட்டார் ஆசையோடு திறந்தார்கள். திறந்த வேகத்தில் முகம் சுளித்தார்கள்.

பெண்ணின் முகம் தக்காளிப்பழம்போல் சிவந்து கிடந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவை செங்கல் நிறமாகி இருந்தது.

"இது எங்க பொண்ணே இல்லை. காசு தர முடியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆல்பம் செய்து கொடுத்தவர் ஒரு வாலிபர். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பிழைப்பவர். நேராக அச்சகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். அச்சகக்காரர் பதில் பேசவில்லை. அதே படத்தைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். அதிலும் அதே சிவப்பு!

குற்றவாளி பிரிண்டர் அல்ல. வாலிபரின் மேஜைமேல் இருந்த புத்தம்புது மானிட்டர்!

நடந்தது என்ன?

சென்னை அண்ணாசாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு. அங்கேதான் அவர் மானிட்டர் வாங்கினார். "பகல்ல போட்டோ வேலை, ராத்திரி கேம். ரெண்டுக்கும் ஒண்ணே வேணும்" என்று கேட்டார்.

"தம்பி, இது 165 ஹெர்ட்ஸ். 1 மில்லி செகண்ட். இதை அடிச்சுக்க ஆளே இல்லை" என்றார் கடையில் இருந்தவர். பெட்டியை எடுத்துக் கொடுத்தார். போட்டுக் காட்டவில்லை. "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றும் சொன்னார். வாலிபர் தலையை ஆட்டினார்.

வீட்டில் மாட்டியதும் கேம் பறந்தது. ஆனால் படங்கள் வெளிறித் தெரிந்தன. மணப்பெண் முகம் சோகை பிடித்ததுபோல் இருந்தது. வாலிபர் சிவப்பைக் கூட்டினார். இன்னும் கொஞ்சம் கூட்டினார். திரையில் சரியாகத் தெரிந்தது. அச்சில் மாட்டிக்கொண்டார்.

பொய்யா?

பெட்டியில் போட்டிருந்தது பொய் அல்ல. 165 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு வினாடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கும். சாதாரண மானிட்டர் 60 முறைதான் புதுப்பிக்கும். துப்பாக்கிச் சண்டை கேமுக்கு இது நல்லது. ஆனால் கம்ப்யூட்டரில் உள்ள கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 50 படம்தான் தரும் என்றால் 165-க்குக் கொடுத்த காசு தண்டம். பலர் விண்டோசில் 60 என்று இருப்பதை மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

1 மில்லி செகண்ட் என்பதும் பெரும்பாலும் திரையைக் கடைசிவரை முடுக்கிவிட்டு அளந்த கணக்கு. அப்படியே வைத்து ஆடினால் ஓடும் உருவத்துக்குப் பின்னால் வால் தெரியும்.

ஆக, இரண்டுமே வேகத்தின் கணக்கு. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. லாரியின் வேகத்தைச் சொல்லிவிட்டு, எத்தனை மூட்டை ஏற்றும் என்பதைச் சொல்லாமல் விற்பதுபோல!

எதைக் கேட்பது?

முதலில் பேனல் என்ன என்று கேளுங்கள். டி.என். பேனல் வேகமானது, மலிவானது. ஆனால் தலையைச் சாய்த்தால் நிறம் மாறும். போட்டோ வேலைக்கு ஆகாது. வி.ஏ. பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும். ஆனால் இருட்டுக் காட்சியில் அசைவு தீற்றும். ஐ.பி.எஸ். பேனலில் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரியும். ஆனால் எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. ஓ.எல்.இ.டி. எல்லாவற்றிலும் அழகு. விலை அதிகம். ஒரே படம் நாள் முழுக்க நின்றால் அதன் தடம் பதிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

அடுத்து, எஸ்.ஆர்.ஜி.பி. எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 1996-ல் வந்த நிற அளவு இது. இதில் 100-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சில பெட்டிகளில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று இருக்கும். அது 1953-ம் வருஷத்து அமெரிக்க கலர் டி.வி. கணக்கு. அதில் 72 இருந்தால்தான் கிட்டத்தட்ட முழு எஸ்.ஆர்.ஜி.பி. 45 என்றால் அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அளவு விஷயத்திலும் ஏமாற வேண்டாம். 24 அங்குலத்துக்கு 1920-க்கு 1080 புள்ளி போதும். அதையே 27 அங்குலத்தில் பரப்பினால் எழுத்து கரகரவென்று தெரியும். 27 வேண்டுமானால் 2560-க்கு 1440 பாருங்கள்.

சோறு போடுவது எது?

இரண்டுக்கும் ஒரே மானிட்டர் கிடைக்காதா? கிடைக்கும். 100 ஹெர்ட்சுக்கு மேல் ஓடும் ஐ.பி.எஸ். மானிட்டர்கள் இன்று நிறைய இருக்கின்றன. ஆனால் பட்ஜெட் இடித்தால் வேகத்தை விடுங்கள், நிறத்தை விடாதீர்கள். கேமில் தோற்றால் மறுபடி ஆடலாம். ஆல்பத்தில் தோற்றால் வாடகை யார் கட்டுவது? கேம் மட்டுமே ஆடுகிறவர் இதைத் தலைகீழாக வைத்துக்கொள்ளலாம்.

நல்ல மானிட்டர் வந்தாலும் வெளிச்சத்தை உச்சத்தில் வைக்காதீர்கள். திரையில் பளிச்சென்று தெரிவது அச்சில் இருண்டு வரும். முழு ஆல்பத்தையும் அடிப்பதற்கு முன் ஒரு பக்கம் அடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

பில் எங்கே?

வாலிபர் மறுநாள் கடைக்குப் போனார். "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். நின்ற இடத்தில் நின்றார்.

பில் தராமல் விற்பதே முறையற்ற வியாபாரம் என்கிறது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் இருந்தால், குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். 1915 என்ற எண்ணுக்குப் போன் போட்டும் சொல்லலாம். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக இந்த உரிமையை விற்கலாமா?

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. போட்டுக் காட்டி, பேனல் பெயரைச் சொல்லி, மாடல் எண்ணோடு பில் எழுதித் தருகிற நாணயமான கடைகளும் அதே தெருவில் இருக்கின்றன. மற்றவர்களும் அப்படிச் செய்தால் என்ன குறைந்துவிடும்? போட்டுக் காட்ட 5 நிமிடம் போதும்.

அந்த 5 நிமிடம் கிடைக்காததால்தான் ஒரு வாலிபர் முழு ஆல்பத்தையும் சொந்தக் காசில் மறுபடி அடித்துக் கொடுத்தார். அந்த மாத வருமானம் அதோடு போயிற்று.